சுழலும் பாரம்
தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மோகம் மட்டும் குறையவில்லை. பஞ்சாபின் பட்டறைகளில் பழைய டிராக்டரின் ஃப்ளைவீலை மாற்றுவது உயிர் சம்பந்தப்பட்ட விவகாரம்.

டிராக்டர் இரண்டு துண்டாக நிற்கிறது. முன் பாதியில் எஞ்சின். பின் பாதியில் கியர் பாக்ஸும் பெரிய சக்கரங்களும். நடுவே மூன்றடி இடைவெளி. அதில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார் மிஸ்திரி. எஞ்சினின் பின்புறத்தில், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக ஒரு வார்ப்பிரும்புச் சக்கரம். அதுதான் ஃப்ளைவீல். அதன் முகத்தில் தலைமுடி போல மெல்லிய கோடுகள். ஒரு கோடு மட்டும் போல்ட் துளை வரை ஓடுகிறது.

"வெல்டிங் வைத்துவிடலாமே, உஸ்தாத்?" என்கிறார் வாசலில் நிற்கும் இளைஞர்.

"வைக்கலாம் பேட்டா. அதற்கப்புறம் இந்த வண்டியில் நீ உட்கார மாட்டாய் என்று உன் தாத்தா என்னிடம் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும்" என்கிறார் மிஸ்திரி, திரும்பிப் பார்க்காமலே. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா சிரிக்கவில்லை.

இடம், பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் ஒரு சாலையோரப் பட்டறை. வண்டி, எச்.எம்.டி. 5911. தமிழ் வாசகர்கள் கைக்கடிகாரத்தில் பார்த்துப் பழகிய அதே மூன்று எழுத்துகள்தான். பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., செக்கோஸ்லோவாகியாவின் ஸீட்டர் தொழில்நுட்பத்தை வாங்கி 1971-ல் ஹரியாணாவின் பிஞ்சோரில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. பசுமைப் புரட்சியின் கோதுமை வயல்களில் அந்த வண்டிகள் உழைத்தன. பிறகு தனியார் கம்பெனிகளின் போட்டி, நஷ்டம், நிலுவைச் சம்பளம். 2016-ல் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

தொழிற்சாலை போனாலும் வண்டிகள் போகவில்லை. பாடகர் சித்து மூசேவாலா தன் 5911-ஐப் பாட்டிலும் படத்திலும் ஓட்டிக் காட்டியபின் அதன் மவுசு ஏறியது. 2022 மே 29-ல் 28 வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து மூசா கிராமத்தில் அவருடைய இறுதி ஊர்வலம் சென்றது அவர் நேசித்த அந்த டிராக்டரில்தான். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த தாத்தா காலத்து வண்டிகளைப் பேரன்கள் வெளியே இழுத்தார்கள். அகல டயர், பளபளக்கும் பெயின்ட், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வந்தன. அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. டீசல் பம்பின் திருகைத் திருப்பி எஞ்சினின் வேகத்தையும் கூட்டினார்கள்.

காரணம் டோச்சன். இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் பிணைத்து இழுக்கவிடும் பந்தயம் அது. எது எதை இழுத்துச் செல்கிறதோ அது ஜெயித்தது. கிளட்ச் வழுக்கும், தகடு பழுக்கும், கரும்புகை எழும்பும், கூட்டம் கத்தும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது கிளட்ச் தகடு உரசும் ஃப்ளைவீலின் முகம். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும் வார்ப்பிரும்பில் முடிக்கோடுகள் விழும்.

ஃப்ளைவீலின் வேலை எளிமையானது. குயவரின் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிவிட்டால் அது பானை முடியும்வரை சுற்றுகிறதல்லவா? அதே சமாச்சாரம்தான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே வேகம் தளராமல் தாங்கிப்பிடிப்பது இந்தப் பாரம். கலப்பை கடினமான மண்ணில் சிக்கும்போது எஞ்சின் சட்டென நின்றுபோகாமல் இருப்பதும் இதனால்தான். எடையைக் குறைத்தால் எஞ்சின் துள்ளி வேகமெடுக்கும். ஆனால் உழவில் திணறும். இந்த வண்டியின் ஃப்ளைவீலை யாரோ முன்பே லேத்தில் ஏற்றிப் பின்பக்கத்தில் ஒரு பள்ளம் கடைந்து எடை குறைத்திருக்கிறார்கள். விரிசல் அங்கேதான் ஆழமாக இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 3,000 சுற்றுக்கு ஏற்றினால் விளிம்பின் வேகம் 225 கி.மீ.யைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை இரண்டேகால் மடங்கு ஆகிறது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்தால் துண்டுகள் மூடியைக் கிழித்துக்கொண்டு பாயும். டிரைவரின் கால்கள் அதற்கு மிக அருகில்தான் இருக்கின்றன.

மிஸ்திரி வெல்டிங்கை மறுப்பதற்குக் காரணம் இதுதான். வார்ப்பிரும்பை ஒட்டலாம், நிற்கிற பொருளுக்கு அது போதும். சுற்றுகிற பொருளுக்குப் போதாது.

மாற்றுச் சக்கரத்துக்கு எங்கே போவது? கம்பெனி இல்லை. இருப்பது பழைய இரும்புக் கடைகளும் மோகா போன்ற ஊர்களின் பழைய டிராக்டர் சந்தைகளும்தான். மிஸ்திரி மூன்று சக்கரங்களைப் பார்த்து இரண்டை ஒதுக்கினார். ஒன்றில் போல்ட் துளைகள் பொருந்தின, ஆனால் கிளட்ச் உட்காரும் ஆழம் வேறு. இன்னொன்றைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டியபோது மணி போல ஒலிக்காமல் 'டொக்' என்றது. மூன்றாவதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போடும். அரைமணி நேரம் கழித்தும் கோடு விழவில்லை.

அதன் பிறகு லேத். முகத்தை மயிரிழை அளவு கடைந்து சமப்படுத்தும்போது, கிளட்ச் மூடி உட்காரும் படியையும் அதே அளவு கடைய வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் சரியாகப் பிடிக்காது. ஸ்டார்ட்டர் கடிக்கும் பல் வளையம் தேய்ந்திருந்ததால் புது வளையம். அதைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சீராகச் சூடாக்கி, விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். ஆறியதும் அது கவ்விக்கொண்டது. சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பல்லின் உறுதி போய்விடும்.

இந்த வேலைகளைவிட அதிக நேரம் பிடித்தது துணியால் துடைப்பது. கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் 10 செ.மீ. அகலத் தட்டில் ஒரு துகள் சிக்கி 0.05 மி.மீ. சாய்வு உண்டானால், 40 செ.மீ. சக்கரத்தில் அது 0.2 மி.மீ. ஆட்டமாகிவிடும். பெடலில் காலை வைத்தாலே நடுக்கம் தெரியும். புது ஆயில் சீல், நடுவிலுள்ள சின்ன பேரிங், புது போல்ட்டுகள். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையில் முறுக்கி, டயல் கேஜ் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார் மிஸ்திரி. முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

இனி இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும். பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றைச் செருகி கிளட்ச் தகட்டை நடுவில் நிறுத்தினார்கள். முன் அச்சில் எஞ்சின் சாயாதபடி இருபுறமும் மர ஆப்பு. பின் பாதியை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். கடைசி ஓரங்குலம் சேரவில்லை. உதவியாளன் போல்ட்டை முறுக்கி இழுக்கப் போனான். அவன் கையைத் தட்டிவிட்டார் மிஸ்திரி. பின் சக்கரத்தை லேசாக அசைத்ததும் பல்லோடு பல் பொருந்தி, வண்டி தானாக மூடிக்கொண்டது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. சத்தம் ஆழமாக, சோம்பலாக இருந்தது. இளைஞரின் முகத்தில் ஏமாற்றம். பம்பின் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து கம்பி போட்டு முத்திரை வைத்திருந்தார் மிஸ்திரி. 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் பக்கம் ஒரு கிராமத் திருவிழாவில் டிராக்டர் சாகசம் செய்தவர் தன் வண்டிக்கே பலியானார். அதையடுத்துப் பஞ்சாப் அரசு இத்தகைய சாகசங்களுக்குத் தடை விதித்தது. ஆனால் இடுக்கி வைத்திருக்கும் எவரும் அந்தக் கம்பியை வெட்டலாம் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

"வெட்டுவாயா?" என்று கேட்டார் தாத்தா. பேரன் பதில் சொல்லவில்லை. முதலில் ஒரு ஏக்கர் உழுது பார்ப்பதாக மட்டும் சொன்னார்.

விரிசல் விட்ட பழைய சக்கரத்தை எடைக்குப் போட்டால் நாலு காசு கிடைக்கும். மிஸ்திரி அதை அப்படியே போடவில்லை. முற்றத்துக்கு உருட்டிச் சென்று பெரிய சம்மட்டியால் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் அந்த முடிக்கோட்டின் வழியாகவே அது இரண்டாகப் பிளந்தது. சந்தையில் இன்னொருவர் அதை வாங்கி மாட்டிவிடக் கூடாதல்லவா?