பேருவளை: கடல் பார்க்கப் போனவர்கள் பார்க்காத ஊர்

மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடல் முதலில் ஒரு பாடப்புத்தகப் படம்தான். சில ஆண்டுகளுக்கு முன் டிக்கோயாவிலிருந்து எங்கள் பிள்ளைகளைப் பேருவளைக்கு டூர் கூட்டிப் போயிருந்தோம். மொரகல்லக் கரையில் இறங்கியதும் ஆறாந்தரப் பிள்ளையொன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், இது காசல்ரீயை விடப் பெருசா?" என்று கேட்டது. தனக்குத் தெரிந்த பெரிய தண்ணீரைத்தானே அது அளவுகோலாக வைக்கும்! பகல் முழுக்கக் குளித்தார்கள், சிப்பி பொறுக்கினார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். திரும்பும் வழியில் தேத்தண்ணிக்காக நிறுத்திய இடத்தில் கடைக்கார நானா விசாரித்தார்.

"கெச்சிமலைப் பள்ளிக்குப் போகல்லயா மாஸ்டர்? சீனன்கோட்டை பார்க்கல்லயா?"

"இல்லையே நானா, நேரம் போயிட்டு."

"அப்ப நீங்க பேருவளைக்கு வரல்ல. கடலுக்குத்தான் வந்தீங்க."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை அதனால்தான்.

கடலோரச் சிற்றூர்களுக்குப் போவது இன்று உலகெங்கும் ஒரே வாய்பாட்டில் நடக்கிறது. மணல், வெயில், ஹோட்டல், கடைசியில் ஒரு கலாசார நிகழ்ச்சி. ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில் வில்லாஹோயோசா என்றொரு ஊர் இருக்கிறது. கடலோர வீடுகளுக்கு மஞ்சளும் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசியிருப்பார்கள். ஜூலை மாதக் கடைசியில் அங்கே 'மூர்களும் கிறிஸ்தவர்களும்' என்ற பெருவிழா நடக்கும். உள்ளூர்க்காரர்களே மூர்களாக வேஷம் கட்டி, வைகறையில் படகுகளில் வந்து கரையில் இறங்குவார்கள். வெடி முழங்கும், வாள் மோதும், முடிவில் மூர்கள் தோற்பார்கள். 1538இல் வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையர் அந்த ஊரைத் தாக்கியதன் நினைவு அது. பார்க்க அழகாகவே இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அங்கே உண்மையான மூர்கள் எங்கே? வலென்சியா, அலிகாந்தேப் பகுதிகளில் பல நூற்றாண்டு வாழ்ந்து, பின்னர் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் செய்யப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியினரை மொரிஸ்கோக்கள் என்றார்கள். 1609இல் மூன்றாம் பிலிப் மன்னனின் ஆணையால் அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ஆள் போய்விட்டது, வேஷம் நின்றுவிட்டது.

இது நமக்குத் தொலைதூரக் கதையல்ல. நம்மை ஆங்கிலத்தில் இன்றும் 'மூர்' என்றுதானே பதிகிறார்கள்? அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். சொந்த நாட்டில் முஸ்லிம்களுக்கு வைத்த பெயரையே இந்தக் கரையில் கண்ட முஸ்லிம்களுக்கும் வைத்தார்கள். பெயரோடு கொள்கையும் வந்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னர்களின் முடிக்குக் கீழே இருந்தது. மொரிஸ்கோக்கள் போய்ப் பதினேழு ஆண்டுகளில், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேயர் தம் வசமிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அங்கே ஆணையிட்டவன் தந்தை. இங்கே வெளியேற்றம் நடந்தபோது முடி அவன் மகனுடையது.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே வெளியேற்றப்பட்டவர்களுக்குப் போக இடம் இருந்தது. கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்தான். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது வரலாறு. மலைநாட்டில் முஸ்லிம்கள் வேர்விட்ட கதையில் இந்த அடைக்கலத்துக்கும் பங்குண்டு. பின்னர் ஒல்லாந்தர் காலத்திலும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. ஆனாலும் கரையூர்கள் காலியாகவில்லை. பேருவளை அப்படி நின்ற ஊர்களில் ஒன்று. ஆகவே அங்கே பார்க்க வேண்டியது வேஷத்தை அல்ல, ஆட்களை.

கொழும்பிலிருந்து தெற்கே காலி வீதியில் 60 கிலோமீற்றருக்குள் ஊர் வந்துவிடும். பாய் இறக்கிய இடம் என்று சிங்களத்தில் ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஐரோப்பியர் வாயில் அது பார்பரீன் ஆனது. எதிரே இருக்கும் சிறு தீவின் வெளிச்சவீடு இன்றும் அந்தப் பெயரில்தான் நிற்கிறது.

கெச்சிமலை என்றதும் நம்மூர் மலையை நினைத்துவிடாதீர்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைமேடு, அவ்வளவுதான். அதன் மேல் வெள்ளைப் பள்ளிவாசல். உள்ளே அஷ்ரஃப் வலியுல்லாஹ் அவர்களின் அடக்கஸ்தலம். சுற்றிலும் அலை. பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம், பல நாள் கடலில் தங்கி வரும் படகுகள், ஐஸ் பெட்டிகள், ஏல இரைச்சல். பாங்கு சொல்லும்போது இந்த இரைச்சலும் காற்றும் அலையும் எல்லாம் சேர்ந்தே கேட்கும். அறபு வணிகர்கள் முதலில் இறங்கிய கரை இது என்பது ஊரின் நம்பிக்கை. மருதானையிலுள்ள மஸ்ஜிதுல் அப்றார் பள்ளிவாசல் கி.பி. 920இல் எழுந்தது என்பதும் வழிவழியாக வரும் செய்தியே. கல்லில் பொறித்த சான்று கேட்பவர்கள் காலிக்குப் போக வேண்டும். சீனத் தளபதி செங் ஹே நிறுவிய, 1409ஆம் ஆண்டிட்ட கல்வெட்டு அங்கே 1911இல் கிடைத்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தெய்வத்தைப் போற்ற, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து பேசுகிறது. இந்தக் கரையில் யார் யார் பேசிக்கொண்டு திரிந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பேருவளை என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஷெய்கு முஸ்தபா வலியுல்லாஹ். 19ஆம் நூற்றாண்டினர். அறபு எழுத்தில் தமிழ் எழுதும் அறபுத் தமிழில் 'மீஸான் மாலை'யை இயற்றியவர். அவர் தொடங்கிய புகாரி மஜ்லிஸ் இன்றும் நடக்கிறது. ஸஹீஹுல் புகாரியை நாள்தோறும் ஓதிவந்து, நிறைவில் ஊருக்கே சோறு போடுவார்கள். ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. வட்டிலப்பம் வரும்வரை யாரும் எழும்பமாட்டார்கள்.

சீனன்கோட்டைக்குப் போனால் தெருவே சந்தை. வெள்ளைத் தாளை மடித்த பொட்டலத்தில் நீலக்கல், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் கண்கள், குறைந்த பேச்சு. அந்த வியாபாரத்தில் உழைத்த நளீம் ஹாஜியார்தான் 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவைத் தோற்றுவித்தார். மண்ணுக்கடியில் கிடைத்த கல் ஒரு கலாபீடமாக மாறியதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஊரை அழகான படமாக மட்டும் காட்டுவது நேர்மையல்ல. கந்தூரி கூடுமா கூடாதா என்ற வாதம் 2009 ஜூலையில் இந்த ஊரில் இருவரின் உயிர் போகும் அளவுக்கு முற்றியது. கொன்றதும் செத்ததும் கலிமாச் சொன்னவர்கள். 2014 ஜூன் 15இல் அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஹோட்டல் விளம்பரத்தில் இவை இரா. ஆனால் அங்கே தேத்தண்ணி ஊற்றித் தரும் மனிதர் இவற்றைக் கடந்து வந்தவர் என்பது நம் நினைவில் இருக்க வேண்டும். கந்தூரியில் எனக்கும் எல்லாம் உடன்பாடில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் அதைப் பேச நான் வாய் திறப்பதில்லை.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே தொடங்கித் தென்மேல் பருவக்காற்றில் அது குளிப்பதற்கு ஆகாது. பிள்ளைகளோடு போகவே வேண்டாம். நம் பக்கத்துச் சிவனொளிபாத மலைக்கு ஆள் வரும் காலமும் ஏறக்குறைய அதுதான். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா அந்த மலையில் ஏறிவிட்டுத் தெவிநுவரைக்கு இறங்கி, காலி வழியாகக் கொழும்பு போனார். நாம் ஹட்டனில் கோச்சி ஏறினால் கொழும்புக் கோட்டை; அங்கிருந்து கரையோரக் கோச்சியில் பேருவளை. கடல் பக்கம் இடம் பிடியுங்கள். கெச்சிமலையில் தலை மூடி, செருப்பைக் கீழே விட்டு, படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்கள் எதுவரை போகலாம் என்பதையும் அங்கிருப்பவரிடமே கேட்பது நல்லது.

அடுத்த முறை நாங்கள் கடலை மாலைக்குத் தள்ளி வைத்தோம். காலையில் துறைமுகம், பிறகு சீனன்கோட்டை, கெச்சிமலையில் லுஹர். முந்திக் காசல்ரீயைப் பற்றிக் கேட்ட பிள்ளை இப்போது எட்டாந்தரம். பாறையின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேர், இவங்க எப்படி இந்தத் தண்ணியில பாதை கண்டுபிடிச்சு வந்தாங்க?" என்று கேட்டது. நட்சத்திரத்தையும் பருவக்காற்றையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பஸ் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டார்.