ஊரும் உலகும் – 17: அம்மாவின் அறுபது

திருக்கடையூரில் கல்யாணத்துக்கு ஆடி, மார்கழி என்ற விலக்கு கிடையாது. இங்கே நாள் குறிப்பது முகூர்த்தப் பட்டியல் அல்ல. பிறந்த தமிழ் மாதமும் ஜன்ம நட்சத்திரமும்தான். ஏதோ ஒரு வீட்டுப் பெரியவருக்கு அன்றாடம் நட்சத்திரம் வந்துகொண்டே இருக்கும் என்பதால், மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிற இந்தச் சிற்றூரில் மேளச் சத்தம் ஓய்வதேயில்லை.

விடியும் முன்பே வேன்கள் வந்துவிடுகின்றன. கோயில் வாசலில் கோபூஜை, கஜபூஜை. உள்ளே பிராகாரம் முழுக்க ஹோமப் புகை. பரப்பிய நெல்லின் மேல் நூல் சுற்றிய கலசங்கள் நிற்கின்றன. அவரவர் வசதிப்படி 16, 32, 64. ஹோமம் முடிந்ததும் தம்பதியை உட்காரவைத்து மகன், மருமகள், மகள், மருமகன், சம்பந்தி என்று ஒவ்வொருவராக வந்து கலச நீரைத் தலையில் ஊற்றுகிறார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய காலம் போய், பிள்ளைகள் பெற்றவர்களைக் குளிப்பாட்டும் வேளை. ஈரம் துடைத்துப் புதுப்புடவையும் வேட்டியும் மாற்றிக்கொண்டு வந்தால் மாலை, மறுபடியும் தாலி. தங்கள் தாத்தா பாட்டிக்குக் கல்யாணம் நடப்பதைப் பேரப்பிள்ளைகள் பார்க்கக் கிடைக்கும் ஊர் இது. அங்கே கண் கலங்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி. 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி. நாம் மணிவிழா என்போம். 70இல் பீமரத சாந்தி. 80ஐத் தாண்டினால் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கும் சரியானதுதான். ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவே சராசரியாக 29.53 நாள். ஆயிரம் முறை என்றால் 29,530 நாள். அதை ஆண்டாக்கினால் 80 ஆண்டும் ஏறத்தாழ 10 மாதமும் வரும்.

அறுபதுக்கும் வானத்தில் கணக்கு இருக்கிறது. வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. ஒருவர் பிறந்தபோது இவ்விரண்டும் இருந்த இடங்களுக்கு, வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, சேர்ந்து திரும்புவது 60 ஆண்டுகளில். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுப் பெயர்களும் 60தான். 1966 சித்திரையில் தொடங்கியது பராபவ ஆண்டு. 2026 சித்திரையில் தொடங்குவதும் பராபவ ஆண்டு. பிறந்த ஆண்டே திரும்பி வந்து ஒருவர் வாசலில் நிற்கிறது என்பதுதான் இந்த விழாவின் பொருள்.

சீனத்தில் இதே 60 வேறு வழியில் வந்தது. பத்துக் குறிகளையும் பன்னிரண்டு விலங்குகளையும் இணையாக ஓட்டினால், தொடங்கிய இணை மறுபடி வர 60 ஆண்டாகும். அந்தக் கணக்கு கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போனது. கொரியாவில் அறுபது நிறைந்தவருக்கு ஹ்வான்கப் விழா. பழங்களையும் பலகாரங்களையும் கோபுரமாக அடுக்கிய மேசையின் பின்னே பெரியவரை உட்காரவைத்துப் பிள்ளைகள் விழுந்து வணங்குவார்கள். இன்று அங்கே சராசரி ஆயுள் 80ஐத் தாண்டிவிட்டதால், பல வீடுகளில் அறுபதுக்குக் குடும்பச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு பெரிய விழாவை எழுபதுக்குத் தள்ளிவிட்டார்கள். ஜப்பானில் இதற்குக் கன்ரெகி என்று பெயர். அறுபது நிறைந்தவருக்குச் சிவப்பு நிறத்தில் கையில்லாத மேல்சட்டையும் சிவப்புத் தொப்பியும் அணிவிப்பார்கள். சிவப்பு அங்கே குழந்தைக்குக் காப்பு நிறம். சுற்று முடிந்தது, மறுபடி குழந்தையாகத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

நம் பராபவ ஆண்டான அதே 1966 ஜப்பானில் நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைத் தின்பவள் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. ரயிலும் தொலைக்காட்சியும் கார்த் தொழிற்சாலையுமாக முன்னேறிக்கொண்டிருந்த நாட்டில், அந்த ஓர் ஆண்டு மட்டும் குழந்தை பெறுவதையே லட்சக்கணக்கான வீடுகள் தவிர்த்தன. 1965இல் 18 லட்சத்துக்கு மேல் பிறந்த குழந்தைகள் 1966இல் ஏறத்தாழ 13 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தன. 1967இல் எண்ணிக்கை 19 லட்சத்தைத் தாண்டிப் பழையபடி ஏறிவிட்டது. மக்கள்தொகை வரைபடத்தில் இன்றும் அந்த ஆண்டு ஒரு பள்ளமாகத் தெரிகிறது. நட்சத்திரத்தைச் சொல்லிப் பெண்ணைத் தட்டிக் கழிப்பது நமக்குத் தெரியாத வழக்கம் இல்லையே! மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று எத்தனை ஜாதகங்கள் இங்கே திரும்பிப் போயிருக்கின்றன.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அந்த ஆண்டிலும் பிறந்த ஜப்பானியப் பெண்களுக்கு 2026இல் கன்ரெகி வருகிறது. சிவப்புச் சட்டை அவர்களுக்கும் உண்டு. கணவர் இருக்கிறாரா, மணமே ஆகவில்லையா என்ற கேள்வி அந்தச் சட்டைக்கு இல்லை.

திருக்கடையூரில் நிறைவது யாருடைய அறுபது? கணவருடையது. நாள் அவர் பிறந்த மாதத்தில், அவர் நட்சத்திரத்தில் அமைகிறது. பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அன்று 52 இருக்கலாம், 56 இருக்கலாம். அவருக்கும் அதே நீர், அதே மாலை, அதே மரியாதை. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நாலோ எட்டோ ஆண்டு கழித்து அவருக்கு அறுபது நிறையும் நாள் ஒன்று வருமே, அது எந்த வீட்டில் நினைவிருக்கிறது? அதற்குள் கணவர் போய்விட்டால், எழுபதும் எண்பதும்கூட அந்த அம்மாவுக்கு வெறும் தேதிகள். ஆயிரமாவது பிறை அவருக்கும் மேலேதான் தோன்றுகிறது. சதாபிஷேகம் மட்டும் கிடையாது. மகனின் மணிவிழாவுக்கு வந்தாலும், கலசம் எடுக்க அழைப்பார்களோ மாட்டார்களோ என்று தூண் ஓரமாக நின்றுகொள்ளும் பாட்டிகள் அந்தப் பிராகாரத்தில் உண்டு. இதை எழுதும்போது என் கை கனக்கிறது.

இது ஏதோ சிலருடைய நிலை என்று தள்ளிவிட முடியாது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவில்தான் இருந்தது. இன்று 70 அளவில். முதியோர் பங்கு மிகுந்த மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். மணமகனைவிட மணமகள் இளையவளாக இருப்பதும் நம் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் முடியும் என்பது தெரிந்ததுதான். ஒரு தெருவில் துணையை இழந்த முதியவர்களை எண்ணினால் அதில் பெரும்பாலோர் பெண்கள். ஜப்பானில் 1963 முதல் நூறு வயது நிறைபவர்களுக்கு அரசு வெள்ளிக் கிண்ணம் வழங்கிவருகிறது. அந்த முதல் ஆண்டில் அந்நாட்டில் நூறைக் கடந்தவர்கள் 153 பேர். இப்போது 90,000க்கு மேல். எண்ணிக்கை இப்படி ஏறியதால் 2016 முதல் கிண்ணத்தை வெள்ளி முலாமுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நூறு கடந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பெண்கள். தம்பதிக்கு மட்டுமே கிண்ணம் என்று அந்த அரசு வைத்திருந்தால், எத்தனை பேருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்?

எங்கள் டெல்டாப் பக்கம் இன்னொரு வகைப் பெண்களும் இருக்கிறார்கள். நடவும் களையெடுப்புமாகவே முதுகு வளைந்தவர்கள். பிறந்த நட்சத்திரம் இவர்களுக்குத் தெரியாது. எழுபதைத் தாண்டிய ஒரு ஆயாவிடம் வயது கேட்டால், 1952 நவம்பரில் அடித்த பெரும்புயலை வைத்துத்தான் சொல்வார். புயலுக்கு முன்னால் பிறந்தவரா, புயலன்று கைக்குழந்தையா என்று. ஆதார் அட்டையில் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போடும் நாளில் தாலுகா அலுவலகம்தான் முதன்முதலாக அவருடைய அறுபதைக் கேட்கிறது.

திருக்கடையூரின் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை வேண்டித் தவம் செய்த மிருகண்டு முனிவருக்கும் மருத்துவதிக்கும் 16 வயது மட்டுமே வாழும் நல்ல பிள்ளை பிறந்தான். கெடு முடிந்த நாளில் யமன் வந்தான். மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழ, சிவன் காலனைக் காலால் உதைத்த ஊர் இது. அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய இடம். அன்று இறைவனைக் கட்டிக்கொண்டு நின்றவன் தம்பதியாக வந்தவன் அல்லன். மணமாகாத, பதினாறே வயதான, தனியாள். ஆயுளுக்காக இன்று இங்கே நடக்கும் எல்லாச் சாந்திகளுக்கும் மூலம் அந்தத் தனிப்பிள்ளை.

கதை அங்கேயே முடிவதுமில்லை. யமன் விழுந்தபின் சாவே இல்லாமல் போய், உயிர்களின் பாரம் தாங்காத பூமாதேவி முறையிட, சிவன் யமனை மறுபடி எழுப்பி வேலைக்கு அனுப்பினார் என்கிறது தலபுராணம். ஆகவே தம்பதியில் யாராவது ஒருவர் முன்னால் போவதும், மற்றவர் தங்கி நிற்பதும் இந்தத் தலத்துக்கே தெரிந்த உண்மை. தங்கி நிற்பவருக்கு இங்கே இடம் இல்லாமல் எப்படிப் போகும்?

இதே திருக்கடையூரில் குங்கிலியக் கலய நாயனார் வாழ்ந்தார். வறுமை முற்றிப் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது, நெல் வாங்கி வரச் சொல்லித் தன் தாலியைக் கழற்றிக் கொடுத்தவர் அவருடைய மனைவி. கலயரோ வழியில் கண்ட குங்கிலியப் பொதிக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். பெரியபுராணம் அவர் பக்தியைச் சொல்கிறது. நான் அந்த அம்மாவை நினைக்கிறேன். பிள்ளைகளின் வயிற்றுக்காகத் தாலியைக் கழற்றிய பெண்ணின் வீட்டைத்தான் அன்றிரவு இறைவன் நெல்லாலும் பொன்னாலும் நிறைத்தார். கழுத்தில் தாலி இல்லாமல் உறங்கிய பெண்ணின் வீட்டை.

திருக்கடையூர் 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டம் கண்ட பெரிய தம்பதி சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். சர்வோதய இயக்கத்தில் பழகியவர்கள். நாடு விடுதலை பெற்ற பிறகே மணம் என்று காத்திருந்து 1950இல் கைப்பிடித்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு இருவரும் இந்தப் பக்கத்து நிலமற்றவர்களோடு தங்கிவிட்டார்கள். 1981இல் உழவனின் நில உரிமை இயக்கமான லாஃப்டியைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளரோடு பேசி, நியாய விலைக்கு நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்து, வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவு செய்வது அவர்கள் முறை. பெண் பெயரில் என்பது கிருஷ்ணம்மாளின் பிடிவாதம். ஆணின் பெயரில் இருந்தால் கடனுக்கும் குடிக்கும் நிலம் போய்விடும் என்பதைக் குடிசை குடிசையாகப் பார்த்தவர் அவர். ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. இறால் பண்ணைகள் கடலோர வயல்களில் உப்பேற்றியபோது அதை எதிர்த்தும் இருவரும் நின்றார்கள். 2008இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதைப் பெற்றபோது கிருஷ்ணம்மாளுக்கு 82 வயது.

2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் மறைந்தார். அறுபது ஆண்டுகளைத் தாண்டிய இல்லறம் முடிந்தது. கிருஷ்ணம்மாள் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கிப் போய்விடவில்லை. ஓலைக் குடிசைகள் இருந்த இடத்தில் கல்வீடு எழவேண்டும் என்பதை மூச்சாக வைத்திருந்தார். 2020இல் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 93. அந்த 93 அவருடையது. கணவரின் வயதோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் என்று ஒரு பண்ணை வீட்டுப் பெண் இருந்தார். 1860இல் பிறந்தவர். 1927இல் கணவர் இறந்தார். ஊசியும் நூலுமாகப் படங்கள் தைத்துக்கொண்டிருந்தவருக்கு மூட்டுவலியால் விரல் மடங்காமல் போனது. எழுபதைத் தாண்டிய வயதில் தூரிகையை எடுத்தார். 1940இல் நியூயார்க்கில் அவர் ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தபோது வயது 80. நூறாவது பிறந்தநாளை நியூயார்க் மாநிலமே அவர் பெயரால் கொண்டாடியது. 101 வயதில் மறைந்தார். நெல் வயலுக்குப் பதில் பனி மூடிய மேட்டுவயல். மற்றபடி எண்பதில் தனியாக நின்ற நம் அம்மாக்களுக்கும் அவருக்கும் அதிகத் தூரமில்லை.

மணிவிழாவை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. இருவரும் சேர்ந்து அறுபதைக் காண்பது பெரும் பேறு, அதைக் கொண்டாட வேண்டும். அதே கோயிலில் ஆயுள் ஹோமமும் மிருத்யுஞ்சய ஹோமமும் உண்டு. தனியாள் தன் நட்சத்திரத்தில் செய்துகொள்ளலாம். அதற்குத் துணை வேண்டும் என்று சாஸ்திரம் கேட்பதில்லை. கேட்பது நாமும் நம் தயக்கமும்தான். ஹோமத்தில் மனம் இல்லாதவர்களுக்கு மண்டபமும் புரோகிதரும்கூட வேண்டாம். அம்மா பிறந்த மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வந்து, அவர் கேட்கும் சமையலைச் செய்து, அவரை நடுக்கூடத்தில் உட்காரவைத்து விழுந்து வணங்கினால் போதும்.

முதலில் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் பிறந்த மாதமும் நட்சத்திரமும் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே அவரிடமோ, அவருடைய அண்ணன் தம்பியிடமோ, மிஞ்சியிருக்கும் சின்னம்மாவிடமோ கேட்டுக் குறித்துவையுங்கள். நட்சத்திரம் நினைவில்லை என்றால் எந்தப் புயல், எந்த வெள்ளம், எந்தப் போக அறுவடை என்றாவது கேளுங்கள். அதிலிருந்து ஆண்டைப் பிடித்துவிடலாம். அறுபது எப்போதோ கடந்துபோயிருந்தால் எழுபதோ எண்பதோ பக்கத்தில் இருக்கும்.

(தொடரும்)