இணைப்பைக் கோரும் முறையால் தானியங்கி நிரல்களை இனங்காணல்

தமிழ் மின்னூலகம் ஒன்று தன் நூல்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன எனக் கணக்கிட்டு, அடுத்து எதனை மின்னாக்கம் செய்வது என முடிவு செய்யுமாயின், திறந்தவர் வாசகரா, ‘கிராலர்’ எனப்படும் தானியங்கி நிரலா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒவ்வோர் உலாவியும் தன் பெயரை வழங்கிக்குத் தெரிவிக்கிறது. அப்பெயரை எந்நிரலும் பொய்யாகச் சொல்லலாம் என்பதால், பெயரினும் நடத்தையே நம்பத்தக்கது. மனிதர் ஒரு பக்கத்தைத் திறக்கையில் உலாவி அதற்குரிய படங்களையும் வடிவமைப்புக் கோப்புகளையும் உடன் கோருகிறது. எளிய நிரல்களோ உரைப்பக்கத்தை மட்டும் பெற்று, அதிலுள்ள இணைப்புகளை ஒன்றுவிடாமல் தொடர்கின்றன. புறநானூற்றைத் தேடி வந்த வாசகர் ஒரு பாடலில் நெடுநேரம் தங்குவார், திரும்புவார், வேறொன்றுக்குத் தாவுவார். அகரவரிசையின் முதல் நூல் தொடங்கி இறுதி நூல்வரை சீரான இடைவெளியில் திறப்பவர் வாசகராதல் அரிது. எனினும், திரையின்றி முழு உலாவியையே இயக்கும் நிரல்கள் இன்று படங்களையும் கோருகின்றன. கோரிக்கைகளைப் பல இணைய முகவரிகளுக்குப் பகிர்ந்தும் விடுகின்றன. எனவே இக்குறிகள் தனித்து நின்று தீர்ப்பளிக்கா.

இவற்றினும் வலிய சான்று மறைவிணைப்பாகும். எந்தப் பகுதிக்குள் நிரல்கள் நுழையலாகாது என அறிவிக்கும் ‘ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்’ கோப்பினை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். 2022இல் அது ஆர்எஃப்சி 9309 என முறைப்படுத்தப்பட்டது. அக்கோப்பில் விலக்கப்பட்ட பக்கம் ஒன்றுக்கு, கண்ணுக்குப் புலப்படாத இணைப்பை இடுவர். வாசகர் அதனைக் காணார். நெறி பேணும் நிரல் அதனைத் தொடாது. தொட்டது பெரும்பாலும் நெறி மீறிய நிரலே. ‘பெரும்பாலும்’ என்றது காரணம் கருதியே. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், கண்ணுக்கு மட்டும் மறைத்த இணைப்பையும் வாசித்துக் காட்டும். அக்கருவிக்கும் விசைப்பலகை நகர்வுக்கும் எட்டாதவாறு அதனை அமைக்காவிடில், நாம் பிடிப்பது நம் வாசகரையே.

எல்லா நிரலும் பகையன்று. தேடுபொறியின் நிரல் வாராவிடில் நம் நூல்கள் தேடலில் அகப்படா. இணைய ஆவணக்காப்பகத்தின் நிரல் வாராவிடில் மறைந்த தளங்களின் சுவடும் எஞ்சாது. மேலும், ஒரு பல்கலைக்கழகத்தார் பலர் ஒரே முகவரியின் வழியே வரக்கூடும். அதனைத் தடுப்பின் அனைவரும் வெளியே நிற்பர். ஆதலின் ஐயத்திற்குரிய கோரிக்கைகளை முதலில் எண்ணிக்கையிலிருந்து நீக்குதலும், அவற்றுக்கு விடையளிக்கும் வேகத்தைக் குறைத்தலுமே தக்கன. முழுத்தடை, மறைவிணைப்பை மீண்டும் மீண்டும் தொடுவனவற்றுக்கு உரியது.