உங்கட ரிம்மில இன்னும் எவ்வளவு மிச்சம்?

டிஸ்க் பிரேக் பற்றிக் கதைச்ச எபிசோடுக்குப் பிறகு இன்பொக்ஸில அடிக்கடி வந்த கேள்வி இதுதான்: "என்ர சைக்கிள் பழசு, ரிம் பிரேக். அதில பார்க்க என்ன இருக்கு?"

இருக்கு. ரிம் பிரேக் சைக்கிளில சக்கரமே பிரேக்கின்ர ஒரு பாகம். பிரேக் ரப்பர் தேயும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அது உரசுற அலுமினியமும் தேயுது எண்டதைத்தான் மறந்துபோறம்.

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் எண்டு வைப்பம். நிக்கிறதுக்கு 4,000 ஜூல் சக்தி எங்கயாவது போகவேணும். அனேகமா எல்லாம் ரப்பருக்கும் ரிம்முக்கும் இடையில சூடா மாறுது. அந்த இடுக்கில மண் புகுந்தா ரப்பர் சாண்ட் பேப்பர் ஆகிடும். லண்டன் குளிர்கால மழைக்குள்ள ஓடிட்டு வந்து சக்கரத்தைத் தொட்டா கையில கறுப்புச் சேறு ஒட்டும் இல்லையா? அது வெறும் ரோட்டு ஊத்தை இல்லை. உங்கட ரிம்மும் அதுக்குள்ள இருக்கு.

ரிம்மின்ர பக்கச் சுவர் புதுசில பொதுவா ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான். ரோட் பைக் டயருக்கு 6 பார் காத்து அடிச்சா, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலயும் ஏறத்தாழ 6 கிலோ பாரம் உள்ளுக்கிருந்து தள்ளும். சுவர் மெலிஞ்சா ஒருநாள் அப்படியே பிளக்கும். பிரேக் பிடிக்கேக்க நடக்கலாம், காத்து அடிச்சுட்டு நிப்பாட்டி வைச்ச சைக்கிளில கூட நடக்கலாம். இறக்கத்தில, முன் சக்கரத்தில நடந்தா என்ன ஆகும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

ஹரோ பக்கம் இருக்கிறாக்களுக்கு குரோவ் ஹில் தெரியும். 1899 பெப்ரவரி 25 அந்த இறக்கத்தில ஒரு கார் பிரேக் பிடிக்க, பின் சக்கரம் நொறுங்கி ஓட்டுநர் இறந்துபோனார். அதைச் சொல்லுற பலகை இப்பவும் அங்க இருக்கு. அது தேய்மானக் கதை இல்லை, ஆனா இறக்கத்தில பிரேக் பிடிக்கேக்க சக்கரம் எவ்வளவு தாங்கவேணும் எண்டு விளங்கும்.

சரி, எப்பிடிப் பார்க்கிறது? பல ரிம்களில தேய்மான அடையாளம் இருக்கு. குழப்பம் என்னெண்டா அதில எதிரெதிரான ரெண்டு வகை. சிலதில பிரேக் படுற இடத்தைச் சுத்தி ஒரு மெல்லிய கோடோ சின்னக் குழியோ இருக்கும். அது மறைஞ்சா ரிம் முடிஞ்சுது. வேற சிலதில ஓட்டை உள்பக்கம் ஒளிஞ்சிருக்கும். அது வெளியில தெரிஞ்சா முடிஞ்சுது. உங்கட ரிம் எந்த வகை எண்டு தயாரிப்பாளரின்ர தளத்தில பாருங்கோ.

அடையாளமே இல்லையா? பாங்க் கார்டின்ர நேரான விளிம்பை ரிம்மின்ர பக்கத்தில குத்தா வைச்சு வெளிச்சத்தில பாருங்கோ. நடுவில நல்லா இடைவெளி தெரிஞ்சா ரிம் குழிஞ்சிட்டுது. கலிப்பர் வைச்சிருக்கிற கடையில அளக்கச் சொல்லுங்கோ. ஒரு மில்லிமீற்றருக்குக் கீழ எண்டா நான் அதில ஏறமாட்டன். பிரேக் பிடிக்கேக்க சக்கரத்தின்ர ஒரே இடத்தில புதுசா "டக் டக்" எண்டு இடிச்சா, அண்டைக்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கோ. சுவர் வீங்கத் தொடங்கியிருக்கலாம்.

தேயிறதை நிப்பாட்ட ஏலாது, மெதுவாக்கலாம். மழை ஓட்டத்துக்குப் பிறகு ஈரத்துணியால ரிம்மைத் துடையுங்கோ. மாசத்தில ஒருக்கா ரப்பரைக் கழட்டி, அதில பதிஞ்சு மினுங்குற அலுமினியத் துகளை ஊசியால கிண்டி எடுங்கோ. அந்தத் துகள்தான் ரிம்மை ஆகக்கூடுதலாச் சுரண்டுறது, சத்தம் போடுறதும் அனேகமா அதுதான். ரிம் கிட்ட எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம்.

செக்கன்ட் ஹாண்ட் சைக்கிள் வாங்கிறாக்கள் கியரைப் பார்க்க முதல் ரிம்மைப் பாருங்கோ. மலிவான சக்கரத்தில ரிம்மை மட்டும் மாத்துற கூலியை விட, முழுச் சக்கரமும் புதுசா வாங்கிறது மலிவா வரும். அதையும் சேர்த்துத்தான் விலை பேசவேணும்.

சந்தேகமா இருந்தா ரிம்மைக் கிட்ட வைச்சு ஒரு படம் எடுத்து ரிப்ளை பண்ணுங்கோ, பார்த்துச் சொல்லுறம்.