வாடை போய்விடும், சீட்டு இருக்கட்டும்

2023 டிசம்பர் 26 அன்று, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுமுட்டலுமாக வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு. பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய அமோனியா கடல்நீரில் 49 மில்லிகிராம் இருந்தது. ஆலை வாசல் காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டி 2,090 இருந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆனால் இவையெல்லாம் காற்றுக்கும் கடலுக்கும் எடுத்த கணக்கு. எந்த வீட்டில், யார், எவ்வளவு நேரம் அதைச் சுவாசித்தார் என்பதை எந்தக் கருவியும் குறித்துவைப்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் சிகிச்சையும் உரிமையும் பிற்பாடு நிற்கப்போவதோ ஆள்வாரியான அந்தக் கணக்கின் மேல்தான்.

‘ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். தெரியாது. அமோனியா நம் உடலே அன்றாடம் உண்டாக்கிக் கழிக்கும் பொருள். வெளியிலிருந்து எவ்வளவு உள்ளே போனது என்று பிறகு பிரித்துச் சொல்லும் சோதனை இல்லை. ஈரம் உள்ள இடத்தில் சட்டென்று கரைந்து காரமாக மாறுவது அதன் குணம். அதனால்தான் கண், மூக்கு, தொண்டை முதலில் எரிகின்றன. நிறையச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். சிலருக்கு ஆஸ்துமா போன்ற இளைப்பு நீண்ட காலம் தங்கிவிடலாம். ஆகவே ‘இப்போது பரவாயில்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவது மருத்துவக் காரணத்துக்காகவே தவறு. கண்ணைத் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் வாயுவைச் சுவாசித்தோம் என்பதைச் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுதச்சொல்ல வேண்டும். இளைப்பு நீடித்தால் செய்யும் நுரையீரல் செயல்திறன் சோதனையின் முடிவு, அந்த முதல் சீட்டோடு சேரும்போதுதான் சாட்சியாகிறது.

சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் இருக்கும்போது இவ்வளவு சாட்சி எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. 1985இல் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துவோர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் கூறியது. 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, ஆலையின் கவனக்குறைவை நிரூபிக்காமலே மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். அதை வாங்கியவர் மேற்கொண்டு இழப்பீடு கேட்கத் தடையில்லை. பசுமைத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். இரண்டுக்கும் காலவரம்பு 5 ஆண்டுகள். இந்தச் சட்டங்கள் நீக்கியது ‘ஆலை தவறு செய்தது’ என்று காட்டும் சுமையை மட்டுமே. ‘எனக்கு வந்த நோய் இந்த வாயுவால் வந்தது’ என்று காட்டும் சுமை அப்படியே இருக்கிறது.

அந்தச் சுமை எவ்வளவு பெரியது என்பதற்குப் போபால் விஷவாயுக் கசிவு வழக்கே சான்று. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் பேசப்பட்டபோது, இறந்தோர் சுமார் 3,000, காயமடைந்தோர் சுமார் 1 லட்சம் என்ற கணக்கே அடிப்படை. பின்னர் இழப்பீட்டுக்குத் தகுதியானவர்கள் என்று ஏற்கப்பட்டோர் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். கூடுதல் தொகை கேட்டு மத்திய அரசு தாக்கல் செய்த மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. முதலில் எண்ணப்படாதவர்கள் பின்னால் வந்து சேர்ந்தபோது, பங்கிட வேண்டிய பணம் மட்டும் வளரவில்லை.

மூச்சுத் திணறுகிறவரிடம் காகிதம் சேர்க்கச் சொல்வது கொடுமை இல்லையா? கொடுமைதான். அந்த வேலை அரசுடையது: கசிவு நடந்த மறுநாளே குப்பத்துக்குள் முகாம் போட்டு, வீடுவீடாகப் பதிவேடு எழுதி, ஒவ்வொருவர் கையிலும் நகல் கொடுக்க வேண்டும். அது நடக்கும் வரை, இருக்கும் உரிமைகளையாவது விடக் கூடாது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தொழிற்சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை 1987ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை மருத்துவர் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. அதே விதி அந்தப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாத்தால் போதும் என்கிறது. வழக்குக்கோ 5 ஆண்டு அவகாசம். நாலாம் ஆண்டில் நியாயம் கேட்கப் போகிறவருக்கு மருத்துவமனையில் ஒன்றும் மிஞ்சியிருக்காமல் போகலாம். அப்போது பேசப்போவது அவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும் நகல் மட்டுமே.