யாரும் பார்க்காத நேரம்

பழைய கேம் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுவது, வீட்டு மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓட்டுவது. இந்த இரண்டு பித்தும் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் பிடிக்கும். “கேம் வேணும்னா ஃபோன்ல ஆயிரம் கிடக்கு, ஃபைல் வைக்கணும்னா கூகுள் டிரைவ் இருக்கு. எதுக்கு மாப்ளே இந்த வேலை?” என்று கேட்பவர்களுக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. சாரம் மட்டும் சின்னது: இரண்டிலும் முக்கியமான வேலை யாரும் பார்க்காத நேரத்தில் நடக்கிறது. அந்த நேரத்தை எதற்கு எவ்வளவு என்று பங்கிடுவதில்தான் ருசியே இருக்கிறது.

முதலில் பெட்டி. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபேமிகாமை விற்பனைக்கு விட்டது. 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது அதற்கு என்இஎஸ் என்று பெயர். நம்மூரில் ‘டிவி கேம்’ என்று வாங்கி, ‘9999 இன் 1’ கேட்ரிட்ஜைச் சொருகி மாரியோவும் கான்ட்ராவும் ஆடியவர்கள் பெரும்பாலும் ஆடியது இதன் நகல்களில்தான். உள்ளே இருப்பது 6502 வம்சத்துச் சிப். வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். ராம் 2 கிலோபைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையே அதற்குள் அடங்காது.

திரை அகலம் 256 புள்ளி, உயரம் 240. ஒவ்வொரு புள்ளியையும் தனியாக நினைவில் வைக்க இடம் கிடையாது. அதனால் 8-க்கு 8 புள்ளியில் சின்னச் சின்ன ஓடுகளாக வரைந்து வைத்துக்கொண்டு, ‘இந்த இடத்தில் இத்தனையாவது ஓடு’ என்று எண்ணை மட்டும் கொடுக்க வேண்டும். ஓர் ஓட்டுக்கு 16 பைட். நம் எழுத்து ஒன்றையே போட்டுப் பார்ப்போம்: ‘ப’. இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. முதல் வரிசை 10000010, அதாவது 130. அதே போல ஆறு வரிசை. ஏழாவது 11111110, அதாவது 254. எட்டாவது காலி, 0. இதோடு எட்டு பைட் ஆயிற்று. மீதி எட்டு பைட் நிறத்துக்கான இரண்டாவது அடுக்கு. ஒற்றை நிறம் போதுமென்றால் எட்டுமே பூஜ்யம். ஆக, 16 எண்களைக் கையால் தட்டினால் டிவியில் ‘ப’ வந்து நிற்கும்.

‘ப’வும் ‘ட’வும் நல்ல பிள்ளைகள். ‘ழ’வும் ‘ஞ’வும் அந்த எட்டுப் புள்ளிக்குள் அடங்க மறுக்கும். தெளிவாகத் தெரிய 16-க்கு 16 வேண்டும், அதாவது எழுத்துக்கு நாலு ஓடு. 247 எழுத்துக்கும் அப்படி வரைந்தால் 988 ஓடு. பின்னணிப் படத்துக்கு ஒரே சமயத்தில் கிடைப்பதோ 256. அதனால் ‘கா’வை ‘க’ தனியாக, கால் தனியாகப் பிரித்துப் போடவேண்டும். பிரிக்கவே முடியாமல் அடம்பிடிப்பவை கு, கூ போன்ற உகர, ஊகார வரிசைகள். 18 மெய்க்கும் சேர்த்து 36 வடிவம். ஆட்டத்தில் எந்தெந்தச் சொல் வருகிறதோ அதற்கு வேண்டிய வடிவங்களை மட்டும் வரைவது என்று முடிவெடுத்தால் பிழைத்தோம். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தமும் 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே ஓடுகள்தான், நிறம் மட்டும் வேறு. அதைச் செய்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இனிதான் முக்கியமான இடம். டீயை இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்க்கவேண்டும். பழைய குழாய் டிவியில் படம் மொத்தமாக வந்து விழுவதில்லை. ஒரு மின்கதிர் மேலிருந்து கீழே வரி வரியாக வரைந்துகொண்டு வருகிறது. அடி வரை வந்ததும் மறுபடி உச்சிக்குப் போகவேண்டும். நொடிக்கு 60 தடவை இப்படி. கதிர் மேலே திரும்பும் அந்த இடைவெளிக்கு ‘விபிளாங்க்’ என்று பெயர். நாடகத்தில் திரை விழுந்ததும் மேடைச் சாமான்களை மாற்றிவைப்பது போல, பட நினைவகத்தில் எதை மாற்றுவதானாலும் அப்போதுதான் மாற்றவேண்டும். வரைந்துகொண்டிருக்கும்போது பட நினைவகத்தில் கைவைத்தால் திரை குலைந்துவிடும்.

அந்த இடைவெளி எவ்வளவு? ஒரு படத்துக்குச் சிப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 29,780 சுழற்சி, அதாவது கடிகாரத் துடிப்பு. அதில் விபிளாங்குக்கு வருவது 2,270 சொச்சம். மாரியோ, எதிரி, குண்டு என்று நகர்கிற உருவங்களின் பட்டியலை அனுப்பவே 513 போய்விடும். மிச்சம் 1,750 சொச்சம். சாதாரணமாக எழுதிய ஒரு லூப்பில் ஓர் ஓட்டின் எண்ணை மாற்றச் சுமார் 15 சுழற்சி ஆகும். வகுத்துப் பாருங்கள், சுமார் 116 ஓடு தேறும். முழுத் திரைக்கோ 960 ஓடு. ஆகவே ஒரே விபிளாங்கில் முழுத் திரையையும் மாற்றவே முடியாது. திரை பக்கவாட்டில் நகரும் ஆட்டங்களில், வலது ஓரத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அடுத்த 30 ஓட்டு நெடுவரிசையை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். ஆடுகிறவர் அங்கே போய்ச் சேரும்போது சுவரும் குழாயும் ஏற்கெனவே தயாராக நிற்கும்.

இதனால் புரோகிராம் எழுதும் முறையே மாறிவிடுகிறது. எதிரி எங்கே போகவேண்டும், எந்த ஓடு மாறவேண்டும் என்ற யோசனையெல்லாம் கதிர் வரைந்துகொண்டிருக்கும்போதே முடிந்து, ஒரு பட்டியலாக ராமில் காத்திருக்கவேண்டும். விபிளாங்க் தொடங்கியதும், படம் வரைவதற்கென்றே இருக்கும் தனிச் சிப் ‘என்எம்ஐ’ என்ற தட்டலைக் கொடுக்கும். அப்போது பட்டியலை அப்படியே கொட்டுவதோடு சரி. அங்கே ‘இது இருந்தால் அது’ என்று யோசித்து நின்றால் நேரம் தப்பிவிடும்.

இன்றைக்கு இதைப் பழக டிவிகூட வேண்டாம். ‘சிஏ65’ என்ற அசெம்பிளரும் ‘மெசென்’ என்ற எமுலேட்டரும் இலவசம். மெசெனில் ஒரு ஜன்னல் உண்டு. நம் புரோகிராம் பட நினைவகத்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் கதிர் எங்கே இருந்தது என்று அதில் புள்ளி வைத்துக் காட்டும். புள்ளிகள் எல்லாம் அடிப்பட்டையில் இருந்தால் நிம்மதி. ஒன்றிரண்டு படம் தெரிகிற பகுதிக்குள் ஏறியிருந்தால் கணக்கில் எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம்.

சரி, இதற்குச் சர்வர் எதற்கு? கண்டிப்பாக வேண்டும் என்று இல்லை. ஆனால் எழுதிய புரோகிராம் ஆபீஸ் லேப்டாப்பில் பாதி, வீட்டுக் கம்ப்யூட்டரில் பாதி என்று சிதறும்போது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் இடம் தேவைப்படும். அதற்குப் பழைய லேப்டாப்பை விடச் சிறந்தது இல்லை. கீபோர்டு, திரை கூடவே வருகிறது, பேட்டரியே யுபிஎஸ். கரண்ட் போனாலும் கவலையில்லை. பேட்டரி உப்புகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்க்கவேண்டும். 15 வாட் இழுத்தால் இரவு பகல் ஓடியும் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட்தான் வரும்.

‘டெபியன்’ லினக்ஸை டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவினால் சில நூறு எம்பி ராமில் அடங்கி ஓடும். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடுமே? ‘லாகின்ட்’ அமைப்புக் கோப்பில் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ என்ற வரிக்கு ‘இக்னோர்’ என்று கொடுத்தால் மூடியபடியே வேலை செய்யும். அதன்மேல், புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2005-ல் எழுதியது. புரோகிராமை அனுப்பியதும் சர்வரிலேயே சிஏ65 ஓடி, கேம் கோப்பு தயாராகி ஒரு ஃபோல்டரில் வந்து உட்காரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவைக்கலாம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதுதான் கொஞ்சம் சிக்கல். பல இணைய நிறுவனங்கள் பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுப்பதால் ரவுட்டரில் கதவைத் திறந்துவிட்டாலும் ஆள் உள்ளே வரமுடியாது. சர்வரே வெளியே போய், பொது முகவரி உள்ள ஒரு கம்ப்யூட்டரோடு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் வயர்கார்டு போன்ற ஏற்பாடு இதைத் தீர்க்கும். 2020 முதல் அது லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது.

இங்கேயும் அசல் வேலை நாம் தூங்கும்போதுதான். அதிகாலை மூன்று மணிக்கு ‘கிரான்’ எழுப்பிவிட, ‘ஆர்சிங்க்’ அன்றைக்கு மாறிய கோப்புகளை மட்டும் வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கும். விதியும் அதேதான்: அந்த நேரத்தில் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்து நிற்கும் ஸ்கிரிப்ட் உதவாது. பாஸ்வேர்டு, டிஸ்கில் இடம் எல்லாம் முன்பே தீர்ந்திருக்கவேண்டும். வித்தியாசம் ஒன்று உண்டு. கேமில் நேரம் தப்பினால் நொடியில் 60-ல் ஒரு பங்குக்குள் திரை கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பேக்கப் தப்பினால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ‘தோற்றால் மட்டும் மெசேஜ் அனுப்பு’ என்று வைத்தால், சர்வரே படுத்துவிட்ட அன்று மெசேஜ் அனுப்பவும் ஆள் இருக்காது. அதனால் ‘முடிந்தது’ என்று தினமும் காலையில் ஒரு வரி வரவைத்து, அது வராத அன்று எழுந்து பாருங்கள். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு பரீட்சை. கேமில், ‘ப’ ஒன்றைத் திரையில் நிறுத்தி, பொத்தானை அழுத்தினால் அது கிழியாமல் நகரவேண்டும். சர்வரில், ரீபூட் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். எதையும் தொடாமல் எல்லாம் தானாகத் திரும்பி வந்தால் அது சர்வர். ஏதாவது ஒன்றுக்காக நீங்கள் மூடியைத் திறக்க நேர்ந்தால், அது இன்னும் லேப்டாப்தான்.