பேருந்து நிற்கும் இடமும் பாதத்துப் புண்ணும்

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலைக்கு எத்தனை சிறப்புப் பேருந்துன்னு செய்தி வரும். இறங்கினவர் எவ்வளவு தூரம் நடக்கணும்னு வராது.

கிரிவலப் பாதை 14 கி.மீ. கார்த்திகை தீபம் மாதிரி கூட்ட நாட்களில் பேருந்துகள் ஊர் எல்லையில் தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். நெரிசலைக் குறைக்க அது சரியான வழிதான். ஆனால் நிலையம் 2 கி.மீ. தள்ளியிருந்து, இணைப்பு வண்டியும் கிடைக்கலைன்னா, போகவர 4 சேர்த்து மொத்தம் 18 கி.மீ. இதில் கிரிவலத்தைப் பலரும் வெறுங்காலில்தான் சுற்றுகிறார்கள்.

நீண்டநாள் சர்க்கரை நோய் பாத நரம்புகளைப் பாதிக்கலாம். அப்போது கல் குத்தினாலும், கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். கவனிக்காமல் விட்ட புண் ஆறாமல் போய், விரலையோ காலையோ எடுக்கிற நிலைகூட வரலாம். ஊர் திரும்பிய பிறகுதான் புண் கண்ணில் படலாம். அப்படியானால் திருவிழாவின் மருத்துவ முகாம் கணக்கில் அது சேராது.

நிலையத்திலிருந்து சிற்றுந்து, ஜல்லி பெயராத நடைபாதை, கால் கழுவி உள்ளங்காலைப் பார்க்க வெளிச்சமான இடம், முடியாதவர் பாதியில் ஏறிக்கொள்ள ஒரு வண்டி. இதெல்லாம் சுகாதாரத் துறையின் தனி வேலை இல்லை. பேருந்து எங்கே நிற்கணும்னு முடிவெடுக்கும் கூட்டத்திலேயே பேச வேண்டியவை.

அதுவரை, சர்க்கரை உள்ளவர்கள் நடந்து முடித்ததும் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.